திருடன் ஒருவர் தேவை

சென்ற பள்ளி விடுமுறையில் கிள்ளானில் நடந்த ஒரு தன்முனைப்பு முகாமுக்குப் போயிருந்தேன். பேசுவதற்கு அல்ல. நாற்காலி அடுக்க, சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்க, ஒலிவாங்கி கரகரத்தால் வயரை ஆட்டிப் பார்க்க. பொறியியல் படித்தவன் என்று தெரிந்துவிட்டால் நம் சங்கங்களில் முதலில் கையில் கொடுப்பது அந்த வயரைத்தான். மண்டபத்தில் படிவம் ஒன்று முதல் மூன்று வரை படிக்கும் பிள்ளைகள். பெரும்பாலும் பையன்கள்.

பேச்சாளருக்கு நல்ல குரல். பிள்ளைகளைச் சிரிக்க வைக்கவும் தெரிந்தது. கைப்பேசி விளையாட்டுகளின் தீமை பற்றிப் பேசும்போது திரையில் ஒரு படம் போட்டார். ரக்னராக் எம் விளையாட்டில் தொழிலைத் தேர்ந்தெடுக்கும் பக்கம். வாள்வீரன், மந்திரவாதி, வில்லாளி, வணிகன், பூசாரிக்குத் துணையாள், திருடன்.

"இதுல யாரெல்லாம் திருடன் எடுத்திருக்கீங்க? கை தூக்குங்க பாப்போம்."

ஏழெட்டுக் கைகள் சிரிப்போடு எழுந்தன.

"பாத்தீங்களா? இன்னிக்கு கேம்ல திருடன். நாளைக்கு?"

பதிலை அவர் சொல்லவில்லை, அடுத்த படம் சொன்னது. விலங்கு மாட்டிய இரண்டு கைகள். மண்டபம் முழுக்கச் சிரித்தது. தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. வயரோடு நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பதினைந்து வருடத்துக்கு முன்பு அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் நானும் கை தூக்கியிருப்பேன்.

இரண்டு வாரம் கழித்து பிரிக்பீல்ட்ஸில் ஓர் இலக்கியக் கலந்துரையாடல் முடிந்து, மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தபோது இதைச் சொன்னேன். மூத்தவர் ஒருவர் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே, "விடு தம்பி, கேம்தானே. இதுக்கெல்லாம் கோபப்படலாமா?" என்றார். அன்று மாலை முழுக்க நாங்கள் பேசியது சிலப்பதிகாரத்தைப் பற்றி. அதாவது, திருடன் என்று தவறாகச் சொல்லப்பட்டு வெட்டிக் கொல்லப்பட்ட ஒருவனின் கதையைப் பற்றி. அதற்கு மட்டும் கோபப்படலாம்.

எனவே இந்தக் கட்டுரை இரண்டு பேருக்கும். விளையாட்டில் திருடன் என்ன செய்கிறான் என்று தெரியாமலேயே பிள்ளைகளுக்கு விலங்கு காட்டியவருக்கும், 'கேம்தானே' என்று சொன்னவருக்கும். மூன்றாவதாக ஒரு தரப்பும் இருக்கிறது. அது என் கூட்டாளிகள். அவர்களைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். விளையாட்டு நேரத்தைத் தின்னும், காசைத் தின்னும், தூக்கத்தைத் தின்னும். படிவம் மூன்றில் என் கணிதத் தாளை அது தின்றது. அதை யார் கண்டித்தாலும் நான் தலையாட்டுவேன். நான் சண்டை போடுவது வேறொன்றுக்காக. திருடனைத் தேர்ந்தெடுப்பவன் தன்னலக்காரன், பதுங்கித் தின்பவன், நாளைய குற்றவாளி என்கிற அந்த ஒரு வாக்கியத்துக்காக. அது தகவல் அளவிலேயே பொய்.

ஆன்லைன் விளையாட்டே தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த வகை விளையாட்டுகளில் பெரிய எதிரியைத் தனியாக வீழ்த்த முடியாது. ஐந்தாறு பேர் சேர்ந்து 'பார்ட்டி' போடவேண்டும். பார்ட்டியைக் கட்சி என்று மொழிபெயர்த்தால் நம் ஊரில் அர்த்தம் வேறு மாதிரிப் போய்விடும் என்பதால் குழு என்றே எழுதுகிறேன். குழுவில் முன்னால் நின்று அடி வாங்குபவன் டேங்கர். பின்னால் நின்று காயம் ஆற்றுபவர் ஹீலர். தூரத்திலிருந்து நெருப்பும் அம்பும் விடுபவர்கள் சிலர். இவர்களுக்கு நடுவில், கவசம் மெலிசு, உயிர் குறைவு, கையில் ஒரு கத்தியோ எறிநட்சத்திரமோ வைத்துக்கொண்டு ஒருவன். அவன்தான் திருடன்.

இந்தப் பாத்திரம் நேற்று வந்ததில்லை. 1974இல் அமெரிக்காவில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தபோது அதில் மூன்று தொழில்கள்தான்: போர்வீரன், மந்திரவாதி, மதகுரு. அடுத்த வருடம், 1975இல், 'கிரேஹாக்' என்ற துணைநூலில் திருடன் சேர்க்கப்பட்டான். பூட்டைத் திறக்க, பொறியைக் கண்டுபிடித்து அகற்ற, சத்தமில்லாமல் ஏற, எதிரியின் பின்னால் போய்க் குத்த. பட்டியலில் முதல் மூன்றைப் பாருங்கள். எல்லாமே மற்றவர்கள் உயிரோடு உள்ளே போய் உயிரோடு வெளியே வருவதற்கான வேலைகள். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் திருடனுக்கு 'ரோக்' என்று பெயர் மாறியது. கூடவே ஒரு விதியும் தெளிவானது. எதிரி அசந்திருந்தால் திருடனின் குத்து பலமாக விழும். சண்டை சூடுபிடித்தபின் எதிரி அசரமாட்டான். அப்போது அவனுக்கு எதிர்ப்பக்கத்தில் திருடனின் தோழன் ஒருவன் நின்று மல்லுக்கட்ட வேண்டும். அந்தப் பக்கம் ஆள் இல்லை என்றால் இந்தப் பக்கத்துக் கத்தி வெறும் கத்திதான். தன்னலக்காரனுக்கு எழுதிய விதி மாதிரியா இருக்கிறது?

நான் இதைக் கற்றது புத்தகத்தில் இல்லை. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவுக்குப் பக்கத்துச் சந்தில், கடைவீட்டு மாடியில் இருந்த ஒரு சிசியில். மணிக்கு இரண்டு வெள்ளி. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்குமாக 2005இல் மேப்பிள்ஸ்டோரி சீ தொடங்கிய அடுத்த வருடம் அது. நான் திருடன். எறிநட்சத்திரம் வீசும் அசாசின். ஏன் திருடன் என்று கேட்டால், வேகமாக ஓடும், அழகாகக் குதிக்கும், எண்கள் பெரிதாக வரும். பதினான்கு வயதுக்கு அது போதும்.

லுடிப்ரியம் கோபுரத்தில் ஆறு பேர் சேர்ந்து செய்யவேண்டிய ஒரு குழுப் பணி இருந்தது. நிலை 35 முதல் 50 வரை உள்ளவர்கள் போகலாம். எல்பிகியூ என்று சொன்னால் என் வயதுக்காரர்கள் உடனே சிரிப்பார்கள். ஒரு குழு உள்ளே இருந்தால் அந்தச் சேனலில் மற்றவர்கள் வாசலிலேயே காத்திருக்க வேண்டும். அதன் ஐந்தாம் கட்டத்தில் பல வழிகள். ஒன்றை டெலிபோர்ட் தெரிந்த மந்திரவாதிதான் கடக்க முடியும். இன்னொன்றைத் திருடன்தான் கடக்க முடியும். அங்கே நிற்கிற பூதங்கள் தொட்டாலே சாவு. திருடனிடம் 'டார்க் சைட்' என்றொரு திறன் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டால் உருவம் மங்கும், பூதம் தொட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த நிலையில் யாரையும் தாக்க முடியாது. நடையும் மெதுவாகும். மற்ற ஐந்து பேரும் வேறு அறைகளில் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்க, திருடன் ஒருவன் யாரையும் அடிக்காமல், யாரும் பார்க்காமல், மெல்ல நடந்துபோய்ச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு திரும்பவேண்டும். எத்தனை பெரிய வீரர்கள் கூட இருந்தாலும் அந்த அறைக்கு அவன்தான்.

ஒரு சனிக்கிழமை நாங்கள் ஆறு பேர் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தோம். தமிழர் மூன்று, சீனர் இரண்டு, மலாய்க்காரர் ஒருவர். வாசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து உள்ளே நுழைந்தோம். அந்த அறையில் பாதி தூரம் நடந்தவன், இந்தப் பூதத்தின்மேல் ஒரே ஒரு நட்சத்திரம் வீசினால் எவ்வளவு எண் வரும் என்று பார்க்க ஆசைப்பட்டு டார்க் சைட்டைக் கலைத்தேன். வீசினேன். எவ்வளவு வந்தது என்று பார்ப்பதற்குள் என் தலைமேல் கல்லறைக் கல் விழுந்தது. சீட்டு இல்லை. சீட்டு இல்லாமல் அடுத்த கட்டம் இல்லை. ஹீலராக இருந்த சீன நண்பனிடம் அன்றைக்கு இருந்ததே நான்கு வெள்ளிதான். திட்டக்கூட இல்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான்.

திருடனின் சண்டை முறை பற்றி எனக்குத் தெரிந்த எல்லாமே அந்த நாற்காலிச் சத்தத்திலிருந்து தொடங்குகிறது. அதைக் காலம், இடம், கருவி என்று மூன்றாகப் பிரித்துச் சொல்கிறேன். ஏன் இந்த மூன்று என்பது பிறகு தெரியும்.

காலம். சண்டையின் முதல் சில வினாடிகள் திருடனுக்குச் சொந்தமில்லை. எதிரி யாரை அடிப்பது என்பதை, யார் தனக்கு அதிகத் தொல்லை என்று கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்கிறது. டேங்கர் இரண்டு மூன்று அடி கொடுத்து அந்தக் கோபத்தைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும்வரை திருடன் பொறுக்கவேண்டும். பொறுக்காமல் பின்னால் போய்ப் பலமாகக் குத்தினால் எதிரி திரும்பும். திரும்பினால் மெலிசுக் கவசக்காரன் சாவான். அவனைக் காப்பாற்ற ஹீலர் தன் சக்தியைக் கொட்டுவார். அந்த நேரத்தில் டேங்கருக்கு மருந்து இல்லாமல் போகும். பிறகு வரிசையாக எல்லாரும். ஒருவன் மூன்று வினாடி முந்தியதற்கு முழுக் குழுவும் விழுவதை நான் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ரோக்கிடம் 'சாப்' என்று ஒன்று உண்டு. மறைந்துபோய் எதிரியின் மண்டையில் தட்டிச் செயலிழக்க வைப்பது. அது சண்டை தொடங்குவதற்கு முன்னால் மட்டும்தான் பலிக்கும். நான்கு எதிரிகளை மூன்றாக்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பான். சேத எண் பட்டியலில் அந்த வேலைக்கு ஒரு புள்ளி கிடையாது.

இடம். திருடன் நிற்கவேண்டியது எதிரியின் முதுகுப்பக்கம். முன்னால் நின்றால் அவன் அடியை எதிரி தடுத்துவிடும். பெரிய எதிரிகள் முன்பக்கம் வீசும் அகலமான அடி டேங்கருக்காகப் பிறந்தது, அதில் திருடனுக்கு வேலையில்லை. ரக்னராக் ஆன்லைனில் இதைவிட நுட்பமான கணக்கு ஒன்று இருக்கிறது. அங்கே திருடன் பிழைப்பது கவசத்தால் இல்லை, விலகுவதால். ஒன்றிரண்டு எதிரிகளிடம் அவன் மேல் அடியே படாது. மூன்றாவது எதிரி சேர்ந்ததும் விலகும் திறன் பத்து சதவீதம் குறையும். நான்காவதற்கு இன்னொரு பத்து. கூட்டத்துக்குள் பாய்ந்து எல்லாரையும் பந்தாடும் ஆளாக அவன் செய்யப்படவே இல்லை என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. அவன் ஓரத்தில் நிற்கவேண்டும். கூட்டத்திலிருந்து பிரிந்து ஹீலர் பக்கம் போகும் அந்த ஒன்றைக் கவனிக்கவேண்டும். குழுவிலேயே வேகமான கால் அவனுடையது. ஹீலர் கூப்பிடுவதற்கு முன்பே அங்கே இருக்க முடிகிற ஆள் அவன் மட்டும்தான்.

கருவி. திருடனின் சிறந்த கருவிகள் தனக்காக இல்லை. மேப்பிளில் 'ஹேஸ்ட்' என்ற திறன். முழுமையாக வளர்த்தால் குழுவில் உள்ள எல்லாருடைய வேகத்தையும் 40 கூட்டும், குதிப்பை 20 கூட்டும், 200 வினாடி நிற்கும். பிறகு மறுபடி போடவேண்டும். அந்த விளையாட்டில் எனக்கு அதிகமாக வந்த செய்தியே 'ஹேஸ்ட் பிளீஸ்'தான். மேல்நிலைத் திருடனான ஷேடோவரிடம் 'ஸ்மோக்ஸ்கிரீன்' இருக்கும். ஒரு புகைத்திரை. அதற்குள் நிற்கும் குழுவினருக்குக் கொஞ்ச நேரம் அடி படாது. ஒருமுறை போட்டால் அடுத்தமுறைக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும் என்பதால் எப்போது போடுவது என்பதில்தான் ஷேடோவரின் தரம் தெரியும். வார்கிராஃப்ட் 2008இல் ரோக்குக்கு ஒரு வித்தை கொடுத்தது. அவன் அடிக்கும் அடியின் கோபத்தைக் கொஞ்ச நேரத்துக்கு டேங்கர் கணக்கில் எழுதிவிடலாம். தன் அடிக்கு இன்னொருவனை முன்னால் நிறுத்துகிற தந்திரம் மாதிரித்தான் கேட்கும். ஆனால் டேங்கர் கேட்டு வாங்கிக்கொள்வது அது. எதிரியைத் தன்னிடமே பிடித்து வைக்க அவனுக்கு அந்தக் கோபம் தேவை.

திருட்டு எங்கே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ரக்னராக்கில் 'ஸ்டீல்' என்று ஒரு திறன். பூதத்திடமிருந்து ஒரு பொருளை உருவலாம். உருவிய பிறகும் அந்தப் பூதம் செத்தால் விழவேண்டியது விழத்தான் செய்யும். குழுவின் பங்கில் ஒரு காசு குறையாது. நாற்பது வருடத்துக்கும் மேலாக உலகம் முழுக்கப் பிள்ளைகள் விளையாடும் திருடன் இவன்தான். பேச்சாளர் இவனுக்குத்தான் விலங்கு மாட்டினார்.

இப்போது என் கூட்டாளிகள். பேச்சாளருக்கு அந்தப் படத்தைக் கையில் எடுத்துக் கொடுத்தது நாம்தான். திருடனை எடுப்பவர்களில் பாதிப் பேர் அவனை ஒரு சினிமா நாயகனாக எடுக்கிறோம். புகையிலிருந்து தனியாக வரவேண்டும், எல்லாரையும் அடித்துப் போடவேண்டும், கடைசி அடி நம்முடையதாக இருக்கவேண்டும். ஹீலர் செத்துக்கிடக்கும்போது 'டாப் டேமேஜ் நான்தான் லா' என்று படம்பிடித்து அனுப்புகிறவனை எனக்குத் தெரியும், ஒரு காலத்தில் அது நானே. அடுத்தவன் முக்கால்வாசி அடித்து வைத்ததில் கடைசிக் குத்தை மட்டும் குத்தி எடுத்துக்கொள்வதற்கு 'கேஎஸ்' என்று சுருக்கப் பெயர் வேறு வைத்திருக்கிறோம். உண்மையான திருட்டு அதுதான். அதைத் திருடன்தான் செய்யவேண்டும் என்றில்லை, வாள்வீரனும் செய்வான், மந்திரவாதியும் செய்வான். தொழிலின் பெயரில் அது எழுதியிருக்காது. ஆனால் நம்மில் பலர் தொழிலின் பெயரைச் சாக்காக வைத்துச் செய்கிறோம். "நான் திருடன்தானே?" என்று. அந்தச் சிரிப்பும் முகாமில் கேட்ட சிரிப்பும் ஒரே சிரிப்பு.

இந்தத் தனிநாயக நோய் எங்கிருந்து வருகிறது என்று சினிமாவை மட்டும் சொல்லித் தப்பிக்க மாட்டேன். தன்முனைப்பு முகாம்களும்தான் காரணம். நான் போன ஒவ்வொரு முகாமிலும் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவது ஒன்றே ஒன்று: தலைவனாகு. எழுபது எண்பது பேர் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் எல்லாரையும் தலைவனாகச் சொன்னால் மீதி வேலையை யார் செய்வது? நம் சமூகம் இந்தப் பரிசோதனையை ஏற்கெனவே செய்துபார்த்துவிட்டது. 1946இல் ம.இ.கா. 1990இல் அதிலிருந்து வெளியேறியவர்களின் ஐ.பி.எப். 2009இல் மக்கள் சக்தி. நடுவிலும் பிறகும் பிரிந்தவற்றை எண்ண எனக்குப் பொறுமை இல்லை. இங்கே பார்ட்டியைக் கட்சி என்றே மொழிபெயர்க்கலாம், அர்த்தம் மாறாது. எல்லாரும் டேங்கர், எல்லாருக்கும் கடைசி அடி வேண்டும், ஐந்தாம் அறைக்குள் மெதுவாக நடந்துபோய்ச் சீட்டு எடுத்துவர ஒருவனும் இல்லை.

ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளனாக இருக்கிறேன். இயந்திரம் நின்றால் நாலு பேர் அதற்குள் கைவிடுவார்கள். அதற்கு முன்பு ஒருவன் போய் மின்சாரத்தைத் துண்டித்து, சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, பெயர்ச்சீட்டு மாட்டி, நிஜமாகவே மின்சாரம் இல்லையா என்று சோதித்துவிட்டு வரவேண்டும். சரியாகச் செய்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யாரும் கை தட்டுவதில்லை. நான் அதைச் சலிக்காமல் செய்வதற்கு பல்கலைக்கழகப் பாடமும் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் அந்தச் சனிக்கிழமை.

இனி 'கேம்தானே' என்றவரிடம் வருகிறேன். ஐயா, காலம், இடம், கருவி என்று மூன்றை எங்கிருந்து எடுத்தேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிலப்பதிகாரம், கொலைக்களக் காதை. தமிழில் திருடனின் திறன்களை எட்டாக வரிசைப்படுத்திச் சொல்லும் இடம் அது. மந்திரமும் மருந்தும் தெய்வமும் அதில் வரும். தந்திரம் வரும். நான் சொன்ன மூன்றும் வரும். சொல்பவன் யார்? பொற்கொல்லன். எப்போது சொல்கிறான்? கோவலனைப் பார்த்த காவலர்கள், இவன் முகத்தைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்று தயங்கும்போது. அந்தத் தயக்கத்தை உடைக்கத்தான் அத்தனை நிபுணத்துவமும். சிலம்பைத் திருடியவன் அவனே. திருடனைப் பற்றி அவ்வளவு தெளிவாகப் பேசி முடித்ததும், ஒரு மூடக் குடிகாரன் வாளை ஓங்குகிறான்.

அந்த எட்டில் காலத்தையும் இடத்தையும் வள்ளுவர் காலமறிதல், இடனறிதல் என்று இரண்டு அதிகாரமாகவே வைத்திருக்கிறார். 49, 50. அவர் அதைச் சொல்வது அரசனுக்கு. ஒரே அறிவுதான். அரசனிடம் இருந்தால் ஆட்சித்திறன், ஏழையிடம் இருந்தால் களவுநூல். யாரிடம் எதைப் பார்ப்பது என்பதை மேடையில் நிற்பவர் முடிவு செய்கிறார்.

முகாம் பேச்சாளரைப் பொற்கொல்லன் என்று சொல்லமாட்டேன். அவர் எதையும் திருடவில்லை. நல்ல எண்ணத்தில்தான் பேசினார். ஆனால் காவலர்களின் தயக்கத்தை உடைக்கும் வேலையைத்தான் அவரும் செய்கிறார். நம் பையன்களைப் பார்த்துத் தயங்காதவர்கள் இந்த நாட்டில் ஏற்கெனவே நிறைய. 2009 ஜனவரியில் ஏ. குகன் என்ற 22 வயது இளைஞர் கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்டு, சுபாங் ஜெயா தைப்பான் காவல் நிலையத்தில், தடுப்புக்காவலிலேயே இறந்தார். முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் கோத்தது என்றது. குடும்பம் போராடி வாங்கிய இரண்டாவது பரிசோதனை அடிபட்ட காயங்களை எழுதியது. 2013இல் உயர் நீதிமன்றம் காவல்துறையையும் அரசாங்கத்தையும் பொறுப்பாக்கிக் குடும்பத்துக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அவர் எதையாவது திருடினாரா என்று விசாரிக்க ஒரு நீதிமன்றத்துக்கும் வாய்ப்பு இருக்கவில்லை. அவர் இறந்தபோது எனக்குப் பதினேழு வயது. அந்த வாரம் எங்கள் சிசியில் யாரும் அதிகம் பேசவில்லை. இரவில் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது சாலைத் தடுப்பைப் பார்த்தால் வயிறு என்ன செய்யும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

இந்த ஊரில், இந்த நிறத்தில் இருக்கும் பதின்மூன்று வயதுப் பையனிடம் 'திருடன்' என்ற சொல்லைப் பிரயோகிப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்கவேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான். அவன் தானாகக் கை தூக்கினான். ஒரு விளையாட்டில் தன் வேலை எது என்று கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொன்னான். அந்த நேர்மைக்குக் கிடைத்தது விலங்குப் படம். அடுத்தமுறை யாராவது ஏதாவது கேட்டால் அவன் கை தூக்கமாட்டான். முகாம் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றைத்தான்.

இடைவேளையில் நாசி லெமாக் பொட்டலம் கொடுக்கும்போது, கை தூக்கியவர்களில் ஒருவன் என் வரிசையில் வந்தான். ஒல்லியாக இருந்தான். இன்னொரு முட்டை கேட்டான், கொடுத்தேன்.

"பார்ட்டில திஃப்பா நீ?"

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

"சண்டை நடக்கும்போது எங்க நிப்ப?"

இவன் ஏன் கேட்கிறான், இன்னொரு பேச்சாளரோ என்கிற சந்தேகத்தோடு என்னைப் பார்த்தான். நானும் திருடன்தான் என்றதும் முகம் மாறியது.

"பின்னாடிதாண்ணே. ஆனா பிரீஸ்ட்டையே பாத்துக்கிட்டு இருப்பேன். என் தங்கச்சிதாண்ணே பிரீஸ்ட்டு. அவ பக்கம் ஏதாச்சும் போச்சுன்னா பாஸை விட்டுட்டு அங்க ஓடிருவேன்."

"அப்ப உன் டேமேஜ்?"

"கம்மியாத்தான் வரும். அவ செத்தா எல்லாரும் செத்துருவோம்லண்ணே."

நான் பதினான்கு வயதில் ஆறு பேரின் காசைத் தொலைத்துக் கற்றதை அவன் முட்டையைத் தின்றுகொண்டே சொல்லிவிட்டான். பிற்பகல் அமர்வுக்கு மணி அடித்தார்கள். தலைப்பு, 'குழுவாகச் செயல்படுவது எப்படி'. பேசியது அதே பேச்சாளர். அவன் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். நான் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.